'சக்செஷன்' கடைசி அத்தியாயம்: ஓயாத வாக்குவாதங்களும் சில பதில்களும்

2023 மே 28 அன்று எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 'சக்செஷன்' தொடரின் நான்காவது சீசன் நிறைவடைந்தது. தொடரும் அதோடு முடிந்தது. அன்று இரவு மட்டும் அமெரிக்காவில் 29 லட்சம் பேர் பார்த்தார்கள். தொடர் அதுவரை எட்டாத எண்ணிக்கை அது. பார்த்து முடித்த கையோடு ஆரம்பித்த வாக்குவாதம் இன்றும் அடங்கவில்லை. ஷிவ் செய்தது துரோகமா? கெண்டல் இனி உயிரோடு இருப்பானா? டாம் போன்ற ஒருவன் எப்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை மறைக்காமல் பதில் எழுதியிருக்கிறேன்.

தொடரை இன்னும் பார்க்கவில்லை. இதைப் படிக்கலாமா?

வேண்டாம். முடிவு முழுவதையும் இங்கே உடைத்துப் பேசுகிறேன். மொத்தம் 39 அத்தியாயங்கள்தான், பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்து நாளாகிவிட்டது. கதையைச் சற்று நினைவுபடுத்த முடியுமா?

லோகன் ராய் (பிரையன் காக்ஸ்) ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்து, அமெரிக்காவில் வேஸ்டார் ராய்கோ என்ற பெரும் ஊடக நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர். ஏ.டி.என். என்ற வலதுசாரிச் செய்திச் சேனல், பொழுதுபோக்குப் பூங்காக்கள், சொகுசுக் கப்பல்கள் எல்லாம் அவருடைய கைக்குள். முதல் மனைவிக்குப் பிறந்த மகன் கானர் (ஆலன் ரக்). இரண்டாவது மனைவி கரோலினுக்குப் பிறந்தவர்கள் கெண்டல் (ஜெரமி ஸ்ட்ராங்), ரோமன் (கீரன் கல்கின்), ஷிவ் (சாரா ஸ்னூக்). அப்பாவுக்குப் பிறகு யார் என்பதுதான் நான்கு சீசன்களின் கதை.

நான்காவது சீசனின் மூன்றாவது அத்தியாயத்திலேயே லோகன் விமானத்தில் இறந்துவிடுகிறார். நிறுவனத்தை லூகாஸ் மேட்சன் என்ற சுவீடன்காரரின் கோஜோ நிறுவனத்துக்கு விற்க அவர் பேசி முடித்திருந்த நேரம் அது. அப்பா போனபின் கெண்டலும் ரோமனும் தற்காலிகத் தலைவர்களாகி விற்பனையைத் தடுக்கப் பார்க்கிறார்கள். ஷிவ் ரகசியமாக மேட்சன் பக்கம் சாய்கிறாள். விற்பதா வேண்டாமா என்று இயக்குநர் குழு வாக்களிக்கும் நாள்தான் கடைசி அத்தியாயம். எழுதியவர் தொடரை உருவாக்கிய ஜெஸ்ஸி ஆர்ம்ஸ்ட்ராங், இயக்கியவர் மார்க் மைலாட்.

வாக்கெடுப்பில் சரியாக என்ன நடந்தது?

குழுவில் 13 பேர். விற்பனைக்கு ஆதரவாக ஆறு, எதிராக ஆறு என்று நிற்கும்போது ஷிவ்வின் முறை வருகிறது. முந்தைய இரவுதான் அண்ணன்மார் இருவரோடும் சமாதானமாகி, கெண்டலைத் தலைவனாக்கச் சம்மதித்திருந்தாள். இப்போது எழுந்து வெளியே போய்விடுகிறாள். கெண்டலும் ரோமனும் பின்னாலேயே ஓடுகிறார்கள். கண்ணாடிச் சுவர் போட்ட பக்கத்து அறையில் மூவரும் கத்திக் கைகலக்க, இயக்குநர்கள் வெளியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து வெளியே வந்த ஷிவ் விற்பனைக்கு வாக்களிக்கிறாள். ஏழுக்கு ஆறு. அமெரிக்கப் பிரிவின் தலைமைச் செயல் அதிகாரியாக ஷிவ்வின் கணவன் டாம் வாம்ப்ஸ்கன்ஸ் (மேத்யூ மெக்ஃபேடியன்) பொறுப்பேற்கிறான்.

ஷிவ் ஏன் கடைசி நிமிடத்தில் மனம் மாறினாள்? பொறாமைதானே?

பொறாமை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு கெண்டல் அப்பாவின் அறைக்குள் போய், அப்பாவின் மேசைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். அதைப் பார்க்கும் ஷிவ்வின் முகத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். பேசிக்கொண்டிருப்பது கூட்டு ஆட்சியைப் பற்றி அல்ல, இன்னொரு லோகனுக்கு முடிசூட்டுவதைப் பற்றி என்று அவளுக்கு அங்கேதான் உறைக்கிறது.

ஆனால் பொறாமை என்ற ஒற்றைச் சொல்லில் அவளை அடைத்துவிடுவது அநியாயம். அவளுடைய மனதில் ஒரே நேரத்தில் பல கணக்குகள் ஓடுகின்றன. வயிற்றில் டாமின் குழந்தை. டாம் தலைவனானால் அதிகாரத்தின் வாசலிலாவது அவள் நிற்கலாம். கெண்டல் வந்தால் அதுவும் கிடையாது. மேட்சன் அவளை ஏமாற்றிவிட்டான் என்ற ஆத்திரம் ஒரு பக்கம், அந்த மேட்சனுக்கே வாக்களிக்க வேண்டிய கசப்பு இன்னொரு பக்கம். இவை எல்லாவற்றுக்கும் அடியில், கெண்டல் இந்தப் பதவிக்குத் தகுதியற்றவன் என்ற தெளிவு இருக்கிறது. உன்னை நேசிக்கிறேன், ஆனால் உன்னைச் சகித்துக்கொள்ள முடியவில்லை என்று அவனிடம் அவள் சொல்வதில் நேசமும் உண்மை, அருவருப்பும் உண்மை.

என் நிலைப்பாடு இதுதான்: அவள் போட்ட வாக்கு சரியான வாக்கு. அவளுடைய நோக்கங்கள் சுத்தமானவை அல்ல. முன்னதை ஏற்க வேண்டுமானால் பின்னதை மறுக்க வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொள்வதால்தான் இந்த விவாதம் இத்தனை காலமாக இழுபடுகிறது.

கெண்டல் அந்தப் பையனின் சாவுக்குக் காரணமா, இல்லையா? கடைசியில் அவனே மறுத்துவிட்டானே?

காரணம்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. முதல் சீசனின் முடிவில் நாம் கண்ணால் பார்த்தோம். இங்கிலாந்தில் ஷிவ்வின் கல்யாண இரவு. பரிமாறும் வேலைக்கு வந்த ஓர் இளைஞனை லோகன் வேலையை விட்டுத் துரத்துகிறார். போதைப்பொருள் தேடும் கெண்டல் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். கார் தண்ணீருக்குள் பாய்கிறது. கெண்டல் நீந்திக் கரையேறுகிறான். பையன் உள்ளேயே மூழ்கிவிடுகிறான். கெண்டல் நடந்தே திரும்பி வந்து, உடை மாற்றிக்கொண்டு, விருந்தில் ஆடுகிறான்.

தொடரின் கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எழுதிவிட்டார்கள். அந்தப் பையனின் பெயரைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆண்ட்ரூ டாட்ஸ். கதையின் கடைசித் திருப்பம் முழுவதும் அவன் தலைமேல்தான் நிற்கிறது.

கண்ணாடி அறைக் காட்சியை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். நீ ஒருவனைக் கொன்றிருக்கிறாய், அதனால் உன்னால் தலைவனாக முடியாது என்கிறாள் ஷிவ். கெண்டலின் வாயிலிருந்து முதலில் வருவது மறுப்பல்ல, கோபமும் அல்ல. "எதைச் சொல்கிறாய்?" என்று கேட்கிறான். ஷிவ் அதிர்ந்துபோகிறாள்: எதை என்றா? எந்தக் கொலை என்று மறந்துபோகும் அளவுக்கு அத்தனை பேரைக் கொன்றிருக்கிறாயா? அதற்குப் பிறகு அவன் சொல்வது நொடிக்கு நொடி மாறுகிறது. அது நடக்கவே இல்லை என்கிறான். சும்மா சொன்னேன் என்கிறான். நாம் மூவரும் நெருங்குவதற்காகச் சொன்னது என்கிறான். நான் காரிலேயே ஏறவில்லை என்கிறான். முந்தைய சீசனின் முடிவில், இத்தாலியில், புழுதித் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டு தம்பியிடமும் தங்கையிடமும் ஒப்புக்கொண்டவன் இவன்தான். நான்கு சீசன்களில் அவன் செய்த ஒரே நேர்மையான காரியம் அந்த ஒப்புதல். நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதையும் வாபஸ் வாங்கிவிடுகிறான். ரோமனின் முகம் மாறுவதும் அந்த நொடியில்தான். இத்தாலியில் அவனைத் தேற்றியவர்களில் ரோமனும் ஒருவன் அல்லவா?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டாவது சீசனில் வேஸ்டார் கப்பல்களில் நடந்த அக்கிரமங்கள் வெளிவருகின்றன. கப்பலில் செத்துப்போனவர்கள் பாலியல் தொழிலாளிகளாகவோ வெளிநாட்டுக் கூலிகளாகவோ இருந்தால், 'நிஜமான ஆள் யாரும் சம்பந்தப்படவில்லை' என்று கம்பெனிக் கோப்பில் குறித்து வைத்திருந்தார்கள். அந்தச் சீசனின் கடைசி அத்தியாயத்தில், மூழ்கிப்போன பையனைப் பற்றிக் கெண்டல் பேச்செடுக்கும்போது லோகன் அதே குறிப்பைச் சொல்லி அவனை ஆறுதல்படுத்துகிறார். மகனுக்கு அப்பா கொடுத்த பாவமன்னிப்பு அது. கடைசி அத்தியாயத்தில் கெண்டல் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டுவிட்டான். அப்பாவின் நாற்காலி கிடைக்கவில்லை. அப்பாவின் மனசாட்சி மட்டும் வாரிசுரிமையாக வந்து சேர்ந்துவிட்டது.

ஷிவ்வையும் நான் விட்டுவிடப் போவதில்லை. அவளுக்கும் அந்தப் பையன் மேல் அக்கறை ஒன்றும் கிடையாது. பங்காளிச் சண்டையில் ஓர் ஆயுதம் தேவைப்பட்டது, எடுத்து வீசினாள். முந்தைய இரவு அண்ணனுக்கு முடிசூட்டச் சம்மதித்தபோதும் அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

'நான்தான் மூத்த மகன்' என்று கெண்டல் கத்துகிறானே. கானர்தானே மூத்தவன்?

ஆமாம். கானரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஏழு வயதில், ஒரு மிட்டாய்க் கடையில் வைத்து, நிறுவனம் உனக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்ததாகக் கெண்டல் சொல்கிறான். நாற்பது வயதைத் தாண்டியவன் இயக்குநர் குழுவின் கண்ணெதிரே அந்த ஏழு வயதுக் குரலிலேயே கத்துகிறான். ஸ்ட்ராங்கின் தொண்டை உடைவதைக் கேளுங்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள். இரண்டு தரப்பையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அத்தனை பேர் இருக்க, ஏன் டாம்?

டாம் யாருக்கும் வாரிசு இல்லை என்பதால். மேட்சனுக்குத் தேவைப்பட்டது தலைவன் அல்ல, அடிகளை வாங்கிக்கொள்ள ஓர் ஆள். இரவு உணவின்போது டாமிடம் இதை அவனே நேரடியாகச் சொல்கிறான்: ஆட்களை வெட்டும் வேலை இருக்கிறது, வலியை உறிஞ்சிக்கொள்ள ஒருவன் வேண்டும். ஷிவ் மேல் தனக்கு இச்சை இருக்கிறது, அது சிக்கலாகிவிடும், ஆகவே அவளுக்குப் பதில் அவள் வயிற்றில் குழந்தையைக் கொடுத்தவனையே எடுத்துக்கொள்ளலாமே என்றும் சொல்கிறான். தன் மனைவியைப் பற்றி ஒருவன் இப்படிப் பேசும்போது டாம் எழுந்து போகவில்லை. பதவி அங்கேயே உறுதியாகிவிட்டது.

இதில் ஷிவ்வுக்கு இழைக்கப்பட்டது தெளிவான அநீதி. ஏ.டி.என். ஆதரிக்கும் தீவிர வலதுசாரி வேட்பாளர் மென்கென் ஜனாதிபதியானால் வெளிநாட்டவருக்கு விற்பதை எதிர்ப்பார், அமெரிக்கர் ஒருவரைத் தலைமையில் வைத்துவிட்டால் எதிர்ப்பு அடங்கும் என்ற யோசனையைக் கொடுத்தவளே அவள்தான். தனக்காக அவள் செதுக்கிய நாற்காலி அது. பெண் என்பதால், கர்ப்பிணி என்பதால், கெட்டிக்காரி என்பதால் அவளைத் தள்ளிவிட்டு அவளுடைய கணவனை உட்கார வைத்தார்கள்.

டாம் ஜெயித்தது திடீர்த் திருப்பம் என்று சொல்பவர்கள் மூன்றாவது சீசனின் முடிவை மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் மூவரும் சேர்ந்து அப்பாவை எதிர்க்கக் கிளம்பியபோது முன்கூட்டியே தகவல் கொடுத்தவன் டாம். அன்றும் ஷிவ்வை அவன் அன்போடு தொட்டபடிதான் நின்றான்.

கிரெக் என்ன ஆனான்?

லோகனின் அண்ணன் பேரன், டாமின் எடுபிடி. பிழைத்துக்கொண்டான். சுவீடிஷ் மொழியில் மேட்சன் பேசுவதைக் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் கேட்டு, ஷிவ்வுக்குப் பதவி இல்லை என்ற செய்தியைக் கெண்டலிடம் விற்றவன் அவன். டாமுக்கு அது துரோகம். குளியலறையில் அடித்துக்கொள்கிறார்கள். இருந்தும் கடைசியில் டாம் அவன் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டுகிறான். லோகன் வீட்டுச் சாமான்களைப் பாகம் பிரிக்கக் கானர் கொண்டுவந்த ஸ்டிக்கர்கள் அவை. எதன்மேல் ஒட்டுகிறோமோ அது ஒட்டியவருக்குச் சொந்தம். கிரெக்கும் சாமான்களில் ஒன்றாகிவிட்டான்.

அம்மா வீட்டுச் சமையலறைக் காட்சி அத்தனை சந்தோஷமாக இருந்ததே. அது நம்மை ஏமாற்றுவதற்காகவா?

இல்லை என்றே நினைக்கிறேன். கரீபியனில் அம்மாவின் வீடு, நள்ளிரவு. ராஜாவுக்கு விருந்து என்று சொல்லி, சமையலறையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகக் கலக்கிக் கெண்டலைக் குடிக்க வைக்கிறார்கள். ஷிவ் அதற்குள் எச்சிலும் துப்புகிறாள். மிச்சம் அவன் தலையில் கொட்டப்படுகிறது. பக்கத்தில் ரோமன், மாற்றாந்தகப்பன் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பாலாடைக்கட்டியை நக்கிக்கொண்டிருக்கிறான். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

இது பொய்யான காட்சி என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது அத்தியாயத்திலேயே மிக உண்மையான காட்சி. நிறுவனம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் இவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை ஐந்து நிமிடம் காட்டுகிறார்கள். அடுத்த நாள் அதே கெண்டல் அதே ரோமனை இறுக்கி அணைத்து, நெற்றித் தையல் பிரிந்து ரத்தம் வரும்வரை தோளில் வைத்து அழுத்துகிறான். ஏன் நான் இல்லை, எனக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று ரோமன் உடைந்து நிற்கும் நேரம். அணைப்பா, தாக்குதலா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அதைப் படமாக்கியிருக்கிறார்கள். அப்பாவிடமிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட அன்பு அப்படிப்பட்டது. சமையலறையில் இருந்தது வேறு.

மதுக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ரோமன் ஏன் சிரிக்கிறான்?

விடுதலை என்று நான் படிக்கிறேன். நாம் ஒன்றுமே இல்லை, வெறும் குப்பை என்று கண்ணாடி அறையில் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். உண்மையைச் சொன்னவனுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. அவன் கையில் இருப்பது மார்டினி, அவனுக்கு நெருக்கமாக இருந்த நிறுவனச் சட்ட அதிகாரி ஜெர்ரியின் பானம். தொடர் தொடங்கியபோது இருந்த இடத்துக்கே ரோமன் திரும்பிவிட்டதாக ஆர்ம்ஸ்ட்ராங் கருதுகிறார். அவர் பார்வையில் அது சற்றே வறண்ட முடிவு. அவரைவிட நான் ரோமன் மேல் கொஞ்சம் கூடுதலாக நம்பிக்கை வைக்கிறேன்.

காரில் டாமின் கைமேல் ஷிவ் கை வைத்தாளே. மன்னித்துவிட்டாளா?

மன்னிப்பாக எனக்குத் தெரியவில்லை. டாம் உள்ளங்கையை விரித்து நீட்டுகிறான். அவள் தன் கையை அதன்மேல் வைக்கிறாள், விரல்களை மடக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. அவள் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறாள் என்று ஆர்ம்ஸ்ட்ராங் சொல்லியிருக்கிறார். உறைந்துபோன, உணர்வு வறண்ட ஓர் இடத்தில் இருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறார். அவள் அம்மா கரோலின் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் இந்தக் காட்சியில் வயிறு கலங்கும். பிறக்கப்போகும் குழந்தைக்காக நான் அதிகம் கவலைப்பட்டேன்.

கெண்டல் தண்ணீரில் குதித்துவிடுவானா?

அத்தியாயத்தில் குதிக்கவில்லை. மன்ஹாட்டனின் தென்முனையில் பேட்டரி பார்க். சாயங்கால வெயில். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறான். பின்னால் சற்றுத் தள்ளி காலின் நிற்கிறார், அப்பாவின் மெய்க்காவலராக இருந்தவர். அவ்வளவுதான்.

குதிப்பான் என்று பலர் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் சீசனிலிருந்தே தண்ணீர் அவனைத் துரத்துகிறது. மூன்றாவது சீசனில் நீச்சல் குளத்தில் முகம் கவிழ்ந்து கிடந்தான். கண்ணாடி அறையில்கூட, இது கிடைக்காவிட்டால் செத்துவிடுவேன் போலிருக்கிறது என்றான். படப்பிடிப்பின்போது ஒரு டேக்கில் தடுப்பைத் தாண்டித் தண்ணீருக்குப் போக முயன்றதாகவும், காலினாக நடித்தவர் ஓடி வந்து தடுத்ததாகவும் ஸ்ட்ராங்கே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த டேக்கைப் பயன்படுத்தாமல் விட்டதுதான் சரி. சாவு அவனுக்கு ஒரு முடிவைக் கொடுத்திருக்கும். இந்தத் தோல்வியைத் தாண்டி அவன் வாழ்க்கையில் இனி ஒன்றும் பெரிதாக இருக்கப் போவதில்லை என்பதே எழுதியவரின் எண்ணம். இயந்திரம் போய்விட்ட பிறகு, அந்த ஒரே இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட பல்சக்கரத்தால் என்ன பயன்? தன்னைப் பற்றி அவனே சொன்ன உவமை அது.

காலின் ஏன் அங்கே நிற்கிறார் என்பதையும் யோசியுங்கள். லோகனின் நிழலாக இருந்து எல்லாம் அறிந்தவர் அவர். இத்தனை இழந்த பிறகும், தன்னைப் பற்றி அதிகம் தெரிந்தவரைக் காசு கொடுத்துக் கூடவே வைத்திருக்கிறான் கெண்டல்.

லோகன் உண்மையில் யாரை வாரிசாக நினைத்தார்?

யாரையும் இல்லை. நான்காவது அத்தியாயத்தில் கிடைக்கும் காகிதத்தில் கெண்டலின் பெயர் அடிக்கோடிடப்பட்டிருக்கிறதா, அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டதைவிட அதிகமாகப் பார்வையாளர்கள் அடித்துக்கொண்டார்கள். அந்தக் கோடு எப்படிப் போகிறது என்பதில் எனக்கு ஆர்வமே இல்லை. உங்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் நீங்கள் பொருட்படுத்தத் தக்க ஆட்கள் அல்ல என்று சாவதற்கு முந்தைய அத்தியாயத்தில் அவரே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட பிள்ளைகளாக அவர்களை வளர்த்தவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மென்கென் ஜனாதிபதியானாரா? அதைச் சொல்லாமல் விட்டது குறையில்லையா?

சொல்லவில்லை, விஷயம் நீதிமன்றத்தில் தொங்குகிறது. எட்டாவது அத்தியாயத்தில் மில்வாக்கியில் வாக்குகள் தீக்கிரையாகின்றன. முடிவு தெரியுமுன்பே ஏ.டி.என். மென்கென் வென்றதாக அறிவிக்கிறது. ரோமன் அதை ஆசையோடு செய்கிறான். கெண்டல் தயங்குகிறான். தீவிர வலதுசாரி ஒருவனால் தன் மகளுக்கே தெருவில் தொல்லை வந்தது அவனுக்குத் தெரியும். பிறகு ஷிவ் மேட்சனோடு சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று தெரிந்த கோபத்தில் சம்மதித்துவிடுகிறான். ஒரு நாட்டின் தலைவிதி அண்ணன் தங்கை மனத்தாங்கலில் தீர்மானமாகிறது.

கடைசி அத்தியாயத்தில் இந்தக் குடும்பம் அதைப் பற்றி ஏறக்குறைய பேசுவதே இல்லை. அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். பற்றவைத்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் காட்ட வேறு எந்தக் காட்சியும் இதைவிடக் கடுமையாக இருந்திருக்காது. மில்வாக்கி வாக்காளர்களும் ஆண்ட்ரூ டாட்ஸும் ராய் குடும்பத்துக்கு ஒன்றுதான்.

இதை நையாண்டி என்கிறார்கள். எனக்குச் சோகமாகத்தான் இருந்தது. எது சரி?

இரண்டும் சரி. ஆர்ம்ஸ்ட்ராங் பிரிட்டிஷ் நகைச்சுவை எழுத்திலிருந்து வந்தவர். வசனங்கள் நையாண்டியில் பிறந்தவை. நிக்கோலஸ் பிரிட்டலின் இசையோ இவர்களை ராஜவம்சமாகவே பாவிக்கிறது. கேமரா ஆவணப்படம் எடுப்பதுபோல ஆட்களின் முகங்களைத் தேடி அலைகிறது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் ஒரே வரிக்கு ஒருவர் சிரிக்கிறார், இன்னொருவர் கலங்குகிறார். நையாண்டியின் குறி தனிமனிதர்கள் அல்ல. திறமை, உழைப்பு, தகுதி என்று பேசும் ஒரு பொருளாதாரத்தின் உச்சியில் ரத்த உறவும் அதிர்ஷ்டமும் அடிவருடித்தனமும் முடிவெடுக்கின்றன என்பதே குறி.

இது மர்டாக் குடும்பத்தின் கதைதானா?

அப்படியே எடுத்தாண்டதல்ல. ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக் குடும்பத்தைப் பற்றி ஆர்ம்ஸ்ட்ராங் முன்பு ஒரு திரைக்கதை எழுதியிருந்தார், அது படமாகவில்லை. இந்தத் தொடரில் பல ஊடகக் குடும்பங்களின் சாயல் கலந்திருக்கிறது.

ஆனால் தொடர் போய் அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டியது என்பது நிஜம். லோகன் சாகும் அத்தியாயம் 2023 ஏப்ரலில் ஒளிபரப்பானது. அதைப் பார்த்த பிறகு, தங்கள் தந்தை இறந்தால் இப்படியொரு குழப்பம் வந்துவிடக் கூடாது என்று மர்டாக்கின் பிள்ளைகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். மகள் எலிசபெத்தின் பிரதிநிதி தொடரின் பெயரிலேயே ஒரு குறிப்பும் தயாரித்தார். நெவாடா நீதிமன்றத்தில் நடந்த அறக்கட்டளை வழக்கின் ஆவணங்களை வைத்து 'நியூயார்க் டைம்ஸ்' 2024 டிசம்பரில் இதை வெளியிட்டது. மூத்த மகன் லாக்லனுக்கே முழு அதிகாரமும் போகும்படி அறக்கட்டளையைத் திருத்த முயன்ற ரூபர்ட்டுக்கு எதிராக அப்போது தீர்ப்பு வந்தது. 2025 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. பிரூடன்ஸ், எலிசபெத், ஜேம்ஸ் மூவரும் ஆளுக்குச் சுமார் 110 கோடி டாலர் பெற்றுக்கொண்டு விலக, நிறுவனம் லாக்லன் கைக்குப் போனது. நிஜத்தில் கெண்டல் ஜெயித்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். லாக்லன் கெண்டல் அல்ல, அந்த ஒப்பீடு எனக்கு உவப்பாகவும் இல்லை.

ஒவ்வொரு சீசனின் கடைசி அத்தியாயத் தலைப்பும் ஒரு கவிதையிலிருந்து எடுத்தது என்கிறார்களே?

உண்மை. நான்கு தலைப்புகளும் அமெரிக்கக் கவிஞர் ஜான் பெரிமேனின் ஒரே கவிதையிலிருந்து வந்தவை. ஹென்றி என்பவன் தான் யாரையோ கொன்றுவிட்டதாக நெஞ்சில் ஒரு பாரத்தைச் சுமக்கிறான். விடியலில் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் எண்ணிப் பார்க்கிறான். ஒருவரும் குறையவில்லை. கெண்டலின் கதை இதற்கு நேர் எதிர். எண்ணினால் ஓர் ஆள் உண்மையாகவே குறைகிறான், எண்ணத்தான் அவன் மறுக்கிறான். முதல் சீசனின் முடிவுக்கு, அதாவது பையன் மூழ்கும் அத்தியாயத்துக்கு, யாரும் குறையவில்லை என்ற வரியையே தலைப்பாக வைத்தவர்கள் எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் புறப்பட்டிருக்கிறார்கள்.

யார் நடிப்பு சிறந்தது?

2024 ஜனவரியில் நடந்த எம்மி விழாவில் சிறந்த நடிகருக்கான போட்டியில் காக்ஸ், ஸ்ட்ராங், கல்கின் மூவருமே இருந்தார்கள், கல்கினுக்குக் கிடைத்தது. ஸ்னூக், மெக்ஃபேடியன் இருவரும் வென்றார்கள், சிறந்த தொடர் விருதும் கிடைத்தது. கடைசி அத்தியாயத்தை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் ஸ்னூக் என்பேன். வாக்களிக்க முடியாமல் நாற்காலியில் நெளியும் அந்த ஒரு நிமிடம் போதும்.

ஐந்தாவது சீசன் வருமா?

வராது. நான்காவதோடு முடிகிறது என்று 2023 பிப்ரவரியிலேயே ஆர்ம்ஸ்ட்ராங் அறிவித்துவிட்டார்.

எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க நேரமில்லை. எவற்றை மட்டும் பார்க்கலாம்?

முதல் மூன்று சீசன்களின் கடைசி அத்தியாயங்களைப் பாருங்கள். நான்காவதில் மூன்றாவது, எட்டாவது, ஒன்பதாவது. இவற்றோடு இரண்டாவது சீசனின் ஏழாவது அத்தியாயத்தைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் போடுகிறவர்கள் அநேகமாக அதை விட்டுவிடுகிறார்கள். அதில்தான் லோகன் கெண்டலை இங்கிலாந்தில் டாட்ஸின் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அன்று இரவு கெண்டல் தனியாகத் திரும்பிப் போய், அவர்கள் வீட்டுக் கதவின் தபால் துளை வழியாக ஒரு கட்டுப் பணத்தை உள்ளே தள்ளிவிட்டு வருகிறான். அதைப் பார்த்த பிறகு கண்ணாடி அறைக் காட்சியை ஒருமுறை போட்டுப் பாருங்கள், "எதைச் சொல்கிறாய்?" என்ற கேள்வி வேறு மாதிரி கேட்கும்.